தாம்பாளத்தில் வைத்த பேட்டரி

தாராளமா உக்காருங்க. பை எடைஞ்சலா இருந்தாச் சொல்லுங்க, மடியில வெச்சுக்கறேன். மேல வைங்கன்னு கண்டக்டர் சொன்னாரு, நான் முடியாதுன்னுட்டேன். இவிய போடற பிரேக்குக்கு உழுந்து தொலைஞ்சுதுன்னா அஞ்சு மாசப் பாடு வீணாப் போயிரும். உள்ள என்னன்னு பாக்கறீங்களா? வீடு கூட்டற மெஷினுங்க. வேக்கம் கிளீனர். ஒயர் கெடையாது, பேட்டரியில ஓடறது. கையில புடிச்சுக்கிட்டு நின்னவாக்குலயே கூட்டலாம்.

நீங்களும் கோபிக்குத்தானுங்களா? நல்லதாப் போச்சு. அவ்வளவு தூரம் பேசாம உக்காந்துட்டு வந்தா எனக்குத் தலைவலி வந்துரும். என்ர பேரு சென்னியப்பன். சிங்காநல்லூர்ல ஒரு மில்லுல முப்பத்தி நாலு வருசம் எலெக்ட்ரிகல் செக்சன்ல இருந்தேன். சூப்பர்வைசரா ரிட்டயர் ஆனேன். மில்லு பேரெல்லாம் எதுக்குங்க, இப்ப அங்க கல்யாண மண்டபம் நிக்குது.

கோபியில என்ர சம்சாரம் இருக்கறா. நாகமணின்னு பேரு. அவ அண்ணன் வீட்டுக்கு ஒறம்பரை போயிருக்கறா. சண்டை கிண்டையெல்லாம் ஒன்னும் இல்லீங்க. ஒறம்பரை போனா நாலு நாள் இருந்துட்டு வர்றதில்லையா? இவ போயி அம்பத்தி மூணு நாளாச்சு, அவ்வளவுதான்.

எல்லாம் இந்த மெஷினால வந்ததுங்க. மெஷினச் சொல்லிக் குத்தமில்லை. சொல்றேன், கேளுங்க.

எங்க புள்ள பிரபாவதி பெங்களூர்ல இருக்கறா. ரெண்டு வருசத்துக்கு முந்தி அவங்கம்மாவுக்கு முதுகுல தேய்மானம்னு டாக்டர் சொன்னாரு. குனியவே கூடாதாம். குனிஞ்சு கூட்டக்கூடாது, குனிஞ்சு கோலம் போடக்கூடாது. குனியாத பொம்பளை எங்கயாவது உண்டுங்களா? ஆனா டாக்டர் சொல்லீட்டாரு. ஒடனே எங்க புள்ள இந்த மெஷின வாங்கி அனுப்பீட்டா. நானும் வேண்டாம்னு சொல்லல. நாகமணிக்கு இதக் கண்டா உசுரு. காலையில காப்பி குடிச்சுட்டு, நிமுந்து நின்னுக்கிட்டு, கட்டலடி, சோபாவடின்னு ஓட்டுவா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பேப்பர் படிக்கவே ஓடும்.

போன ஆடி மாசம் மெஷின் நின்னு போச்சு. மொதல்ல நாப்பது நிமிசம் ஓடிட்டிருந்தது. அப்பறம் பத்து நிமிசம், அப்பறம் நாலு நிமிசம். ஒரு நாள் செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்கீட்டு அப்படியே நின்னுருச்சு. புள்ளகிட்டச் சொன்னா, அப்பா பேட்டரி மட்டும் புதுசு கெடைக்குது, நாளன்னைக்கு வீட்டுக்கு வந்துரும், ஆர்டர் போட்டர்றேங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏங் கண்ணு, உங்கப்பன் உசுரோட இருக்கறப்ப இந்த வீட்டுக்குப் புது பேட்டரியான்னு கேட்டேன். காசுக்குச் சொல்லலீங்க. அறுபது குதிரை மோட்டாரை நான் தனியாளாப் பிரிச்சு மாட்டியிருக்கறேன். கையளவு பேட்டரிக்கு ஆர்டர் போடறதான்னு ஒரு இது. போடாதேன்னு கண்டிசனாச் சொல்லிப் போட்டேன். நாகமணி பக்கத்துல நின்னுட்டிருந்தா. அவ எப்பவுமே எனக்கு எதிர்ப்பேச்சுப் பேசினதில்லீங்க. அதெல்லாம் நாங்க அவ்வளவு ஒத்துமை.

பிரிச்சேனுங்க. அது ஒரு தனிக் கதை. நாலு திருகாணி, நட்சத்திரம் மாதிரி தலை. எந்த டிரைவரும் சேரல. பழைய டிரைவர் ஒன்ன அரம் போட்டு ராவி, அதுக்குத் தகுந்தாப்புல பண்ணினேன். திருகாணி வந்துருச்சு, மூடி வரல. உள்ள கொக்கி போட்டு மாட்டியிருக்கறான். கத்திய உட்டு நெம்பினேன், ரெண்டு கொக்கி ஒடைஞ்சு போச்சு. ஆறு செல்லு இருந்தது, வெரலு கனத்துல. பட்டை பட்டையாத் தகடு வெச்சு ஒன்னோட ஒன்னச் சேத்தியிருக்கறான். பக்கத்துலயே தீப்பெட்டியத்தனை ஒரு போர்டு. எல்லாத்தையும் சாப்பாட்டு மேசை மேல பரப்பி வெச்சேன். அங்கதானுங்க வெளிச்சம். அன்னையிலிருந்து நாங்க தரையில உக்காந்து சாப்பிட்டோம். தரையில உக்காந்து எந்திரிக்கறது ஒடம்புக்கு நல்லதுன்னு நாகமணிகிட்டச் சொன்னேன்.

மீட்டர் வெச்சுப் பாத்தா, அஞ்சு செல்லு நல்லாருக்குது. மூணரைக்கு மேல காட்டுது. ஒன்னே ஒன்னு ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ. பாருங்க, இது நெம்பப் பேருக்குத் தெரியாதுங்க. ஆறுல ஒருத்தன் சோந்துட்டான்னா மத்தவிய எத்தனை தெம்பா இருந்தாலும் அந்த போர்டு மொத்தத்தையும் நிறுத்திப் போடும். சோந்தவன அதட்டி வேலை வாங்க முடியாது. மேல மேல சார்ஜ் ஏத்துனா சூடாகித் தீப்புடிச்சுக்கும். அவன் எதனால சோந்தான்னு பாக்கோணும். பொறுமையாப் பாக்கோணும். எனக்கு அந்தப் பொறுமை உண்டுங்க. அந்த ஒரு செல்ல கையில வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் முழுக்க யோசனை பண்ணியிருக்கறேன்.

அந்தச் சமயத்துல நாகமணி சீமாத்துல கூட்ட ஆரம்பிச்சுட்டா. பின்ன, வீடு கூட்டாம கெடக்க முடியுங்களா? முதுகு புடிக்குது, முதுகு புடிக்குதுன்னு சொல்லீட்டே இருப்பா. நான் சொன்னேன், ரெண்டு ரூம்புதான, மெதுவாக் கூட்டு, ஒன்னும் ஆகாதுன்னு. நான் வேலையா இருக்கறப்ப வந்து சொன்னா என்ன பண்றதுங்க.

மொதத் தடவை பண்ணினது தப்பாப் போச்சு. எங்க புள்ளையோட பழைய லேப்டாப் கெடந்தது, அதோட பேட்டரியைப் பிரிச்சு ஒரு செல்லு எடுத்து, சோந்து போனது இருந்த எடத்துல வெச்சு ஈயத்துல பத்தவெச்சேன். மூணு நாள் ஓடுச்சு. நாலாம் நாள் மறுக்கா செவப்பு லைட்டு. அஞ்சு ஒரு வயசு, ஒன்னு வேற வயசு. ஒத்துப் போகலீங்க. அப்பறம்தான் முடிவு பண்ணினேன், ஆறையும் புதுசா ஒரே மாதிரி போடறதுன்னு. ஆறு செல்லும் டவுன்ல வாங்கியாந்துட்டேன். ஆனா சேத்தறது எப்படி? ஈயம் பத்தவெக்கற கோலு வெச்சா செல்லு சூடாகுது. புள்ளி புள்ளியா ஸ்பாட் வெல்டிங்தான் அடிக்கோணும். சிங்காநல்லூர் பக்கத்துலயே ராமநாதபுரத்துல ஒருத்தன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி கட்டறான். அஞ்சே நிமிசத்துல அடிச்சுத் தர்றேன், குடுங்கய்யான்னான். குடுப்பனா நான்? வெல்டிங் மெஷினையே நானே பண்ணிக்கறேன்னு வந்துட்டேன்.

அதுக்கு ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர் வேணுங்க. எங்க இருக்கும்னு யோசிச்சேன். சமையல்கட்டுல மைக்ரோவேவ் ஓவன் இருந்தது. நாகமணி அதுல பால் சூடு பண்ணுவா, பழைய சோத்தச் சூடு பண்ணுவா, அவ்வளவுதான் வேலை. அதுக்கு எதுக்குங்க அத்தனை பெரிய டிரான்ஸ்பார்மர்? கழட்டீட்டேன். கோயிலுக்குப் போயிட்டு வந்து பாத்தவ, வெறும் பொட்டியா நிக்கறதக் கண்டு, இதுவும் போச்சுங்களான்னு கேட்டா. போகலம்மா, நல்ல காரியத்துக்குப் போயிருக்குதுன்னேன். அவளுக்கும் சந்தோசந்தான். போயிப் படுத்துக்கிட்டா.

ஒரு மாசம் ஆச்சு வெல்டிங் மெஷின் பண்றதுக்கு. அது அடிச்ச அடியில வீட்டுல மூணு தடவை பியூஸ் போச்சு. ஆனா அடிச்சது பாருங்க, ஒவ்வொரு புள்ளியும் முத்தாட்டம். நானே கையில வெச்சுப் பாத்துட்டே இருப்பேன். ஆயுத பூசைக்கு மொத நாள் ஆறு செல்லையும் சேத்தி முடிச்சேன். போர்டையும் சேத்தியாச்சு. பொட்டிக்குள்ள வெச்சு மூடவேண்டியதுதான் பாக்கி. அப்பத்தான் தோணுச்சு. நாளைக்கு ஆயுத பூசை. மில்லுல முப்பத்தி நாலு வருசம் எந்த மோட்டாரையும் நான் பொட்டு வெக்காம ஓட்டினதில்லை. இத மூடீட்டா உள்ள பொட்டு வெக்க முடியாது. பூசை பண்ணீட்டு அப்பறம் மூடலாம்.

பூசையன்னைக்கு எல்லாத்தையும் வெச்சோம். ஸ்பேனரு, கட்டிங் பிளேயரு, மீட்டரு, அவளோட தையல் மெஷினு, அருவாமணை. பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் ஆச்சு. நாகமணி ஒரு வாழையெலையத் தொடைச்சு, பேட்டரிய இதுல வெச்சுருங்கன்னு நீட்டினா. எனக்கு அது பத்தல. இத்தனை நாள் பாடுபட்டது, எலையில வெக்கறதா? சாமி ரூம்புல பித்தளைத் தாம்பாளம் இருந்தது. அவங்கப்பா கல்யாணத்துக்குக் குடுத்தது, பேரு வெட்டுனது. புளி போட்டு வெளக்கிப் பளபளன்னு வெச்சிருந்தா. அத எடுத்துப் பூவெல்லாம் தூவி, நடுவுல பேட்டரிய வெச்சேன்.

நீங்க சிரிக்கறீங்க. உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. தகடெல்லாம் தெறந்து கெடக்குது, அடியில பித்தளை. மில்லுல ஒரு ஹெல்ப்பர் இப்படிப் பண்ணியிருந்தா அன்னைக்கே வீட்டுக்குத் தாட்டி உட்டிருப்பேன். ஆனா பூசைத் தட்டுங்க அது. சாமிக்கு வெக்கறப்ப அது கரண்டு கடத்துமா கடத்தாதான்னு நமக்கு நெனைப்பே வர்றதில்லை. அவதான் என்னமோ, ஏனுங்க, பித்தளையாச்சுங்களேன்னு மொனகுனா. தங்கத்துலயா வெக்க முடியும்னு கேட்டேன்.

வெச்சதுதான் தாமதம், சர்ருன்னு பொறி பறக்குது. செவ்வந்திப் பூவு கருகுது. பொகை வருது, ஒரு நாத்தம், மூக்குல வெக்க முடியல. நான் ஒடனே மீட்டரத் தேடினேன். எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு தெரிய வேண்டாமுங்களா? மீட்டரு பூசையில இருக்குது, அதுக்கு மேல மாலை கெடக்குது, கைக்குச் சிக்க மாட்டேங்குது. அதுக்குள்ள இந்தப் பொம்பளை என்ன பண்ணினா தெரியுங்களா? ரெண்டு கரித்துணிய எடுத்து, தாம்பாளத்த அப்படியே குனிஞ்சு தூக்கீட்டு வாசலுக்கு ஓடி, மண்ணுல வீசிப் போட்டா. யாரு தூக்கச் சொன்னது? நான் பாத்துக்க மாட்டனா? வீசுனவ நிமுரல. அப்படியே வாசல்ல சாஞ்சுட்டா. முதுகு புடிச்சுக்கிச்சு.

அன்னைக்கு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலீங்க. அவ மொகம் வெளுத்துப் போயிருந்தது. பயந்து போயிட்டேன். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்றது. பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எலும்புக்கு ஒன்னும் ஆகல, படுத்தே கெடக்கோணும்னாங்க. சாயங்காலமே அவங்க அண்ணன் அர்த்தநாரி காரெடுத்துக்கிட்டு வந்து கோபிக்குக் கூட்டீட்டுப் போயிட்டாரு. போறப்ப என்னையப் பாத்து ஒரே வார்த்தைதான் சொன்னா. அந்தத் தாம்பாளத்த எடுத்து வைங்கன்னா. எடுத்துத்தான் வெச்சிருக்கறேன். அடியில ரெண்டு எடத்துல ஓட்டை. சின்ன ஓட்டைதானுங்க. அவங்கப்பா பேரு அப்படியே இருக்குது.

எலைய நீட்டுனவ, இதுல வைங்கன்னு இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தா இத்தனையும் வந்திருக்காது. அது அவ தப்புதானுங்க. ஆனா நான் அதச் சொல்லிக் காட்டல. பெருந்தன்மையா உட்டுட்டேன்.

பன்னெண்டு நாள் கழிச்சு ஒரு நடை கோபிக்குப் போனேன். காலையில ஒம்பது மணி. வாசல்லயே பாத்தேன் அந்தக் காட்சிய. மச்சான் அர்த்தநாரி, கூட்டுறவு பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆன மனுசன், லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சீமாத்தப் புடிச்சு ஆசாரத்த, அதாங்க முன்கூடத்த, கூட்டீட்டு இருக்கறாரு. அவரு சம்சாரம் பள்ளிக்கூடத்து டீச்சரு, எட்டு மணிக்கே கெளம்பீருமாம். கூட்டறது, தொடைக்கறது, தொவைக்கறது எல்லாம் இவருதானாம், இருவது வருசமா. எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பக்கத்துல நாகமணி சாஞ்ச நாக்காலியில உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருக்கறா. அண்ணங்காரன், கால எடு நாகுங்கறாரு, இவ கால எடுக்கறா. எனக்கு வெக்கமாப் போச்சு. ஒறம்பரை வந்தவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? நான் கண்ணத் திருப்பிக்கிட்டேன். அன்னைக்கு நாகமணி மொகத்துல ஒரு தெளிச்சி இருந்தது. கோபித் தண்ணி அப்படி.

வீட்டுக்கு வந்துரலாமான்னு கேட்டேன். வந்து என்னங்க பண்றதுன்னா. நான் புரிஞ்சுக்கிட்டேன். மெஷின் இல்லாம வந்து என்ன பண்றதுன்னு கேக்கறா. நியாயந்தான? வந்தேன், மறுக்கா ஆறு செல்லு வாங்கினேன். புது போர்டு. இந்த வாட்டி மோட்டார் வைண்டிங்குக்கு வெக்கற, கரண்டு கடத்தாத லெதராய்டு பேப்பர வெட்டி, ஒவ்வொரு செல்லுக்கும் தலையில வளையம் போட்டு, ஒன்னோட ஒன்னு ஒரசாம டேப் சுத்தி, நாலு தடவை மீட்டர் வெச்சுப் பாத்து மூடினேன். ரெடி பண்ண நாப்பது நாளாச்சுங்க. சித்தெ கால எடுங்க, காட்டறேன். கடலைத் தோலு கெடக்குது பாருங்க உங்க காலடியில.

கேட்டுதுங்களா சத்தம்? போச்சு பாருங்க, ஒன்னு விடல. குனிஞ்சனா நான்? நின்னவாக்குலயே. அந்தப் பக்கமும் காலெடுங்கம்மா, ஒரு நிமிசம். கண்டக்டர் மொறைக்கறாரு, மொறைக்கட்டும். அவரு பஸ்சத்தான சுத்தம் பண்றேன்.

வீட்டுல எத்தனை நேரம் ஓடுதுன்னு கேக்கறீங்களா? கையில புடிச்சுக்கிட்டுக் கடியாரத்தப் பாத்தேன், சொளையா நாப்பத்தி ஒரு நிமிசம். இல்லீங்க, வீட்டக் கூட்டல. சும்மா காத்துல ஓட்டிப் பாத்தேன். வீட்ட எதுக்கு நான் கூட்டறேன்? ரிப்பேர் பண்ணிக் குடுத்தாச்சு, ஓட்டறது அவ வேலை. அவளுக்குன்னு பண்ணினதுங்க இது. அவ கையில குடுத்து, அவ சுச்சப் போட்டு அது சர்ருன்னு ஓடறதப் பாக்கோணும் நான். அதுக்குத்தான் வீடு அப்படியே கெடக்குது. நடந்தா காலடி பதியுது. சாப்பாட்டு மேசைய மட்டும் தொடைச்சு வெச்சிருக்கறேன், அவ வந்தா உக்காந்து சாப்பிடறதுக்கு.

ஒன்னு சொல்றேனுங்க, வெளிய யாருகிட்டயும் சொன்னதில்லை. அவ இல்லாம என்னால அந்த வீட்டுல இருக்க முடியல. காலையில பேப்பர் வருது, பிரிக்கறேன், ஒரு வரி ஏற மாட்டேங்குது. சோறு எறங்க மாட்டேங்குது. முப்பத்தொம்பது வருசமாச்சுங்க கட்டி. இன்னைக்கு அவளக் கையோட கூட்டீட்டு வந்துரோணும்னுதான் போறேன். வராம எங்க போவா? மெஷின் ஓடுதே.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு நாகு. குன்னத்தூர் தாண்டீட்டேன். ஆமா, கையோட கொண்டாறேன். அருமையா ஓடுது, பஸ்சுலயே ஓட்டிக் காட்டினேன், எல்லாரும் ஆச்சரியப்பட்டுப் போயிட்டாங்க. என்னது? சத்தமாச் சொல்லு. அண்ணனுக்கா? எதுக்கு? ஓ. சரி. அப்ப நம்மூட்டுக்கு? என்ன கேள்வி கேக்கற நீ? நீதான் இருக்கறயே. அலோ. அலோ, நாகு.

ஒன்னுமில்லீங்க. மச்சானுக்கு இப்பக் கூட்டிக் கூட்டி இடுப்பு வலிக்குதாம். அந்த மெஷின அவருகிட்டக் குடுத்துட்டு அடுத்த பஸ்சுக்குப் போயிருங்கங்கறா. நம்மூட்டுக்கு வேண்டாமான்னு கேட்டேன். நம்மூட்டுல அத ஓட்டறதுக்கு யாருங்க இருக்கறாங்கன்னு கேக்கறா. நீதான் இருக்கறயேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், கட்டாயிருச்சு.

ஏனுங்க, இந்தப் பக்கம் எப்பவுமே சிக்னல் இப்படித்தான் போகுங்களா?